கூண்டுக்கு நேரே ஒரு லென்ஸ்

மதுரை உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்தபோது, கமுதிக்காரருக்கும் கம்பத்துக்காரருக்கும் சென்னைக்கு ரயிலேறும் அலைச்சல் தீர்ந்தது. ஆனாலும் உள்ளே என்ன வாதம் நடந்தது என்பது கட்சிக்காரருக்குக் குமாஸ்தா வாய்வழியாகத்தான் தெரிகிறது. பாதி நாள் அதுவும் "வாய்தா" என்ற ஒற்றைச் சொல்தான்!

விசாரணையை மக்கள் நேரலையில் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வுகள் கைப்பேசிக்கே வந்துவிட்டன. பலன் இல்லாமல் இல்லை. 2024இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் பெங்களூரின் ஒரு பகுதியைப் பாகிஸ்தான் என்றார். அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது, நீதிபதி வருத்தம் தெரிவித்தார். கேமரா இல்லையேல் அந்தப் பேச்சு நாலு சுவருக்குள் அமுங்கியிருக்கும்.

சரி, வாதாடும் வக்கீலும் சாட்சி சொல்ல வரும் சாமானியரும் ஒன்றா?

கோகுல்ராஜ் கொலை வழக்கை மதுரை மறந்திருக்காது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குத் தோழியோடு போன அந்தத் தலித் இளைஞர், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளி யுவராஜ், தலைமறைவாக இருந்தபோதே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தவர்! நாமக்கல்லில் நடந்த விசாரணை மதுரைக்கு மாறி, 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

முக்கிய சாட்சியான அந்தத் தோழி, மாஜிஸ்திரேட்டிடம் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியாகியிருந்தார். மேல்முறையீட்டின்போது நீதிபதிகள் அவரை அழைத்து, கோயிலின் சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கோகுல்ராஜை அடையாளம் காட்டினார். பக்கத்தில் நடந்துபோகும் பெண்ணோ தான் இல்லை என்றார். அவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை பாய்ந்தது. அவர் வாயைக் கட்டியது எதுவோ! சாதிக் கட்டுமானம் இறுகிய ஊர்களிலிருந்து வரும் சாட்சி, கூண்டில் ஏறும்போதே திரும்பிப் போகும் பஸ்ஸையும் நினைக்கிறார். அந்த முகத்தை மாவட்டம் முழுக்க நேரலையில் காட்டினால், மிச்சமிருக்கும் துணிவும் போகாதா?

நல்லவேளையாக, உச்ச நீதிமன்ற மின்னணுக் குழுவின் 2021 மாதிரி விதிகள் சாட்சியப் பதிவையும் குறுக்கு விசாரணையையும் நேரலையிலிருந்து விலக்கிவைத்தன. மற்ற ஒளிபரப்பும் 10 நிமிடம் தாமதித்தே போகும். ஆனால் ஒளிபரப்பானதை வெட்டி, தலைப்பு ஒட்டி, காசாக்கும் யூடியூப் கடைகளை அந்த 10 நிமிடம் என்ன செய்யும்? 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தன் காட்சிகளைச் சேனல்கள் அப்படிப் பயன்படுத்தக் கூடாதென்று தடை போட வேண்டிவந்தது.