தாளிப்பு தெறிக்கும் சுவர்

திருவண்ணாமலைக் கிழக்கு ராஜகோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், 217 அடி உயரத்துக்குள் இரண்டு விதமான பராமரிப்பு தெரியும். கீழே கருங்கல், அதைக் கழுவினால் போதும். மேலே செங்கல்லும் சுதையும். உடைந்ததைத் திருத்தி, வர்ணம் பூசி, 2017 பிப்ரவரியில் நடந்ததுபோலக் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதுப்பித்தாக வேண்டும். நம் வீட்டு அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரும் விறகடுப்புக் காலத்தில் சுதையின் கூட்டத்தில்தான் இருந்தது. வருஷம் முழுக்கப் புகை குடித்துக் கறுக்கும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் வெளுத்துவிடும். கேஸ் அடுப்பு வந்ததும் புகை போயிற்று, எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் நின்றது. பிசுக்கின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. ஆக, அந்தச் சுவர் இன்று கல்லின் பக்கம் வந்துவிட்டது. அதைத் தினமும் துடைத்தாக வேண்டும். அங்கே என்ன பதிக்கலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் நிறத்தையும் பூவேலையையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது டைலுக்கும் டைலுக்கும் நடுவே ஓடும் கோட்டை என்பது என் வாதம்.

அந்தச் சுவரில் என்ன வந்து விழுகிறது என்று பார்ப்போம். கடுகு வெடித்து எண்ணெயோடு பறக்கிறது. சாம்பார் கொதித்து மஞ்சளோடு தெறிக்கிறது. புளிக்கரைசல் சிந்துகிறது. மஞ்சளின் சாயம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய் எங்கே ஊறுகிறதோ அங்கே மஞ்சளும் கூடவே ஊறும். பளபளப்பான டைலின் மேல்பூச்சு கண்ணாடி மாதிரி. அதில் எதுவும் ஊறாது. ஆனால் இடைவெளியை அடைக்கும் ஒயிட் சிமெண்ட் நுண்துளைகள் நிறைந்தது; விட்டதையெல்லாம் குடிக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது நமக்குத் தெரியும். சிமெண்டிலும் சுண்ணாம்பின் காரம் இருக்கிறது. புதுச் சமையலறையில் ஒரே மாதத்தில் அந்த வெள்ளைக் கோடுகள் செம்பழுப்பாவதில் இந்த ஆரத்தி ரசாயனத்துக்கும் பங்கு உண்டு. மஞ்சள் தோய்த்த துணியை வெயில் வெளுக்க வைக்கும், சுவரையும் வெளுக்க வைக்காதா என்று கேட்கலாம். அக்கினி மூலையில் சமையலறை வைத்து, கிழக்குப் பார்த்துச் சமைக்கிற வீடுகளில் தெறிப்பு விழுவது கிழக்குச் சுவரின் உட்பக்கத்தில். காலை வெயில் அதன் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. எட்டடி நீள மேடை, அதற்கு மேல் இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நாலங்குலச் சதுரச் சில்லுகளைப் பதித்தால், நெடுக்கில் 46 அடி, குறுக்கில் 40 அடி, மொத்தம் 86 அடி நீளத்துக்குக் கோடு ஓடும். அதே இடத்தில் இரண்டடிக்கு ஓரடி டைல் போட்டால் 14 அடி. நாலுக்கு இரண்டு டைல் என்றால் இரண்டே இரண்டு போதும். நடுவில் ஒற்றைக் கோடு, அதுவும் இரண்டடிதான். சுவர் அதேதான், தெறிப்பும் அதேதான். கறை குடிக்கும் கோடு மட்டும் 86 அடியிலிருந்து 2 அடிக்கு இறங்கிவிடுகிறது. அந்த இரண்டடியையும் ஒயிட் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸியால் அடைத்தால் அங்கும் எண்ணெய் ஊறாது. எபாக்ஸி விலை அதிகம், சீக்கிரம் இறுகிவிடும், ஓரத்தில் வழிந்ததை உடனே துடைக்காவிட்டால் டைலே பாழ் என்று கொத்தனார்கள் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. ஆனால் அது 86 அடிக்கு நியாயம். இரண்டடிக்கு எபாக்ஸி எவ்வளவு செலவாகிவிடும்? சின்ன டைல் உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமே என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான். இருந்தாலும், டைல் உடைவது எப்போதோ நடப்பது. தாளிப்பு தினமும் நடப்பது. பெரிய டைலுக்குச் சுவர் மட்டமாக இருக்க வேண்டும். அதற்குப் பூச்சு வேலையின்போதே மட்டப்பலகை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிம்னி இருந்தால் இந்தக் கவலை ஏன் என்கிறார்கள் சிலர். சிம்னி புகையை இழுக்கும். பறக்கும் கடுகை இழுக்காது.

இணைப்பே வேண்டாம் என்றால் ஒரே பலகையாகக் கிரானைட், கண்ணாடி, எவர்சில்வர் தகடு மூன்றும் உண்டு. மூன்றுமே நல்லவை. ஆனால் போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீட்டில், கண்ணாடியிலும் எவர்சில்வரிலும் கறுப்புக் கிரானைட்டிலும் ஈரத்துணி பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு நிற்கும். உலர்துணியால் இன்னொரு முறை துடைக்க ஆள் வேண்டும். அந்தத் திட்டுக்குக் கடை ஆசிட்டை ஊற்றுவது பெரிய தவறு. அது சிமெண்ட் கோட்டை அரிக்கும், எவர்சில்வரில் புள்ளி விழவைக்கும். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்பதைக் கிரானைட்டின் சிறப்பாகச் சொல்வார்கள். என் கணக்கில் அது குறை. கண்ணில் படாத பிசுக்கை யாரும் துடைப்பதில்லை. கண்ணாடி வைப்பவர்கள் ‘டஃபண்ட்’ கண்ணாடியே கேட்க வேண்டும். பதப்படுத்திய பிறகு அதை அறுக்க முடியாது, ஆகவே பிளக் பாயிண்டுக்கான துளை அளவை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பிவிசி ஷீட் அடுப்புச் சூட்டுக்கு நெளியும், அதை விட்டுவிடலாம். மார்பிளைப் புளி அரிக்கும்.

ஆத்தங்குடிக் கல் நம் மண்ணின் கலை, அதை ஏன் சுவரில் வைக்கக் கூடாது என்ற கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்ப்பது அது, சூளை காணாதது. காலடி பட்டுப் பட்டு மெருகேறுவதுதான் அதன் குணம். அடுப்புக்குப் பின்னால் எந்தக் காலடியும் படாது, படுவது எண்ணெயும் புளியும்தான். முழுக்க முழுக்கச் சிமெண்டாகிய அந்தக் கல்லை அங்கே பதிப்பது, சுவர் முழுவதையும் இணைப்புக் கோடாக ஆக்குவதற்குச் சமம். அதன் அழகைக் கூடத்துத் தரையில் வைத்துப் பார்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

திருவண்ணாமலையில் வீடு கட்டுபவர் என்னைக் கேட்டால், வெளிர்நிறத்தில், வழவழப்பான, நாலுக்கு இரண்டு டைல், நடுக்கோட்டில் எபாக்ஸி, மேடையும் சுவரும் சேரும் மூலையில் சிலிக்கான் என்பேன். என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். கடையில் ஒரு மாதிரித் துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். கொத்தனார் எதை வைத்து இடைவெளியை அடைக்கப்போகிறாரோ அதையே அதன் ஓரத்தில் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அரை ஸ்பூன் நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, அதன் மேல் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வெறும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்த ஓரத்தைப் பாருங்கள்.