மழைக் கணக்கும் மாணவர் ஆங்கிலமும்
(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சோழபுரத்தில் நாம் நடத்திவரும் மாலை நேர ஆங்கில வகுப்பைப் பற்றிச் சில சொற்கள் கூற எழுந்துள்ளோம். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகள், நேர்முகத் தேர்வில் ஒரு வரைபடத்தைக் காட்டி "விளக்குக" என்றால் வாயடைத்து நிற்கின்றனர். அறிவில் குறையில்லை, எண்ணைப் பேசும் மொழி பழக்கத்தில் இல்லை. எனவே பாடநூலை மூடிவைத்து, 2023 டிசம்பர் மழையைக் கையில் எடுத்தோம்.

டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. பத்து செ.மீ. மழைக்குத் தாளில் ஒரு செ.மீ. என்று கணக்கிட்டுப் பட்டை வரைபடம் வரையச் செய்தோம். அருகிலேயே தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியான ஏறத்தாழ 65 செ.மீ.க்கும் ஒரு பட்டை. காயல்பட்டினத்தில் மாமா வீடுள்ள மாணவி ஒருத்தி சற்று நேரம் பார்த்துவிட்டு, "மோர் தான் எ இயர்ஸ் ரெயின் இன் எ சிங்கிள் டே" என்றாள். ஒப்பீட்டுச் சொற்களை மாதக்கணக்கில் நடத்தியும் வராத வாக்கியம் அது!

வானிலைத் துறையின் ஆங்கிலமும் நல்ல பாடமாக அமைந்தது. 'ஹெவி' என்றால் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல், 'வெரி ஹெவி' 11.56 முதல், 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி' 20.45 முதல். நாம் 'ரொம்ப' என்று பொதுவாகச் சொல்லும் இடத்தில் அவர்களுடைய 'வெரி'க்கு ஓர் அளவு உண்டு. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு, அந்த எச்சரிக்கையைப் பிள்ளைகள் படித்துச் சொல்வது மதிப்பெண்ணைவிடப் பயனுள்ளது என்பது எம் கருத்து.

அடுத்து 2004 டிசம்பர் 26 சுனாமி. உயிரிழப்பு சுமார் 2,27,000 என நாம் எழுதுவதை வெளிநாட்டார் 227,000 என்று எழுதுவர். 'டூ ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி செவன் தௌசண்ட்' என்பர். அங்கே 'லட்சம்' செல்லாது. வளைகுடா சென்று வந்த சகோதரர்களுக்கு இந்தத் தடுமாற்றம் நன்கு தெரியும். பத்தாயிரம் பேருக்கு ஒரு செ.மீ. என்றால் இலங்கைக்கு மூன்றரை செ.மீ., இந்தோனேசியாவுக்குப் பதினேழு செ.மீ.; ஒரு மாணவனுக்குத் தாள் போதாமல் மற்றொரு தாளை ஒட்டினான். இந்தியாவில் இறந்ததாக உறுதியானோர் சுமார் 10,700, காணாமற்போனோர் சுமார் 5,600. 'கில்டு' வேறு, 'மிஸ்ஸிங்' வேறு என்பதால் இரண்டுக்கும் வேறு நிறம் தீட்டச் சொன்னோம். "இருபது வருஷம் ஆகியும் மிஸ்ஸிங்தானா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அன்றைய வகுப்பு அத்துடன் நின்றது.

"மௌத்தானவர்களை வைத்துப் பிள்ளைகள் கோடு கிழிப்பதா?" என்று பெற்றோர் ஒருவர் வருந்தினார். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. அதன்பின் முறையை மாற்றினோம். சிறுவர்களுக்கு மழை அளவு மட்டும். உயிரிழப்புக் கணக்கு ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான். வரையுமுன் அந்த ஊர் எங்குள்ளது, மக்கள் என்ன தொழில் செய்தனர் என்று இரண்டு வாக்கியமாவது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர் என்று படிக்கும்போது, அவர்களில் பெரும்பாலோர் கடற்கரை மீனவக் குடும்பத்தினர் என்பதையும் சேர்த்தே பேசுகின்றனர். அந்தப் பெற்றோர் தம் மகனைத் தொடர்ந்து அனுப்புகிறார்.

வரும் பருவத்தில் அடி தட்டையான, நேர்ச்சுவர் கொண்ட பாத்திரம் ஒன்றை மாடியில் வைத்து நம்மூர் மழையையே அளக்க எண்ணியுள்ளோம். வரைபடத் தாள்களும் வண்ணப் பென்சில்களும் தேவைப்படுகின்றன. உதவ விரும்புவோர் இஷா தொழுகைக்குப் பின் நிர்வாகிகளிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.