வாய்ப்பூட்டுக்கு எதிராக ஒரு கிழவர்



பட்டிமன்றத்துக்கும் பந்திக்கும் நடுவில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள், நீட்ட மாட்டேன். பாஸ்டனில் நடக்கும் விழா என்பதால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். குவின்சி ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஜான் குவின்சி ஆடம்ஸ் அடக்கமாகியிருக்கிறார். அப்பா அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி, இவர் ஆறாவது.

ஜனாதிபதியாக இவர் பெரிதாகச் சாதித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன் செனட்டில் இருந்தார். கட்சியை மீறி, அப்போதைய ஜனாதிபதி ஜெஃபர்சனின் 1807 வணிகத் தடையை ஆதரித்தார், மறு ஆண்டே பதவி போயிற்று. 1828 ஜனாதிபதித் தேர்தலில் ஜாக்சனிடம் தோற்ற பிறகு, வேறு யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவரோ பிளிமத் தொகுதியில் ஜெயித்து, 1831 டிசம்பரில், 64 வயதில், பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகப் போனார். ஜனாதிபதியாக இருந்துவிட்டு அந்தச் சபைக்குப் போனவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்.

அடிமை முறையை ஒழிக்கக் கோரி வடக்கிலிருந்து மனுக்கள் குவிந்தன. பெண்கள் கையெழுத்திட்டவை ஏராளம். தென்மாநிலத்தாருக்கு எரிச்சல். 1836 மே மாதம், அப்படிப்பட்ட மனு எதுவானாலும் விவாதிக்காமல் ஓரம்கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதுதான் வாய்ப்பூட்டு விதி. ஆடம்ஸ் அப்போது தீவிர ஒழிப்பாளர் அல்ல. ஆனால் மனுக் கொடுக்கும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறதே, அதில் கைவைக்கலாமா என்பதுதான் அவர் வாதம்.

அவர் செய்த குறும்பைச் சொல்லியாக வேண்டும். 1837 பிப்ரவரியில் எழுந்து, "அடிமைகளே அனுப்பியதாகச் சொல்லும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, இது விதிக்குள் வருமா?" என்ற பொருளில் சபாநாயகரிடம் கேட்டார். சபை கொதித்தது. கண்டனம் செய், வெளியேற்று என்று கூச்சல். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: அந்த மனு ஒழிப்புக்கு எதிரானது! கண்டித்தவர்கள் அசடு வழிந்தார்கள்.

1842 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒன்றியத்தையே கலைக்கக் கோரி நம் ஹேவரில் ஊரார் சிலர் எழுதிய மனுவைச் சபையில் வைத்தார். அந்தக் கோரிக்கை அவருக்கு உடன்பாடல்ல. நிராகரியுங்கள் என்றுதான் சொன்னார். ஆனாலும் கண்டனத் தீர்மானம் வந்தது. அவர் சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கத்தை வாசிக்கச் சொன்னார். ஆட்சியை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு என்று சொல்லும் நாட்டில் மனுப் போட்டது குற்றமா? தன்னைக் காத்துக்கொள்ளும் சாக்கில் இரண்டு வாரம் அடிமை முறையைப் பற்றியே பேசினார். பேசக் கூடாது என்று பூட்டிய வாயைத் திறக்க எதிராளிகளே சாவி கொடுத்துவிட்டார்கள்! பிப்ரவரி 7 அன்று 106-க்கு 93 என்ற வாக்கில் தீர்மானத்தை மூட்டை கட்டினார்கள்.

விதி மட்டும் உடனே விழவில்லை. கூட்டத்தொடர் தோறும் அதை நீக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். வடக்கு ஜனநாயகக் கட்சியினர் மெல்ல மெல்லத் தெற்கைக் கைவிட்டார்கள். 1844 டிசம்பர் 3 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 108-க்கு 80 என்று நிறைவேறியது. அப்போது அவருக்கு வயது 77. அதற்குப் பிறகும் ஓய்வெடுக்கவில்லை. 1848-ல் சபையில் தன் இருக்கையிலேயே மயங்கிச் சரியும்வரை உறுப்பினராகத்தான் இருந்தார்.