கல்முனைக் குழந்தை

2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை வந்த நாள். நமது மட்டக்களப்பு வாவியின் தெற்கு முனையான கல்முனையில், கடல் கொண்டுவந்து போட்ட ஒரு பால்குடிக் குழந்தை வைத்தியசாலையில் 81ஆவதாகப் பதிவானது. பெயர் தெரியாததால் அந்த இலக்கமே பெயரானது. பல தாய்மார் "என்ர பிள்ளை" என்று வந்ததாகச் செய்தி பரவியது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த கண்ணுக்கு எந்தக் குழந்தையும் தன் குழந்தைதான்.

நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14இல் முடிவு வந்தது. இரண்டு நாளில் குழந்தை பெற்றோரின் மடிக்குப் போனது.

அந்தப் பரிசோதனையின் அடிப்படை இதுதான்: நம் மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலே போதும். பல இடங்களை ஒப்பிடுவார்கள். பிள்ளையிடம் தாய்வழி வராத பாதி, தகப்பன் எனப்படும் ஆணிடம் பல இடங்களில் இல்லையென்றால், அவர் தகப்பன் அல்ல. ஒற்றை இடம் மட்டும் மாறினால் அவசரப்பட்டு முடிவு சொல்லமாட்டார்கள். மரபணு தானாகவும் மாறும்.

பிள்ளை தன்னுடையதா என்ற சந்தேகத்தில் இந்தப் பரிசோதனைக்குப் புறப்படுபவர்கள் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். யாரிடம் எடுத்த மாதிரி என்ற பதிவு இல்லாத அறிக்கை வழக்கில் நிற்பது கடினம். மணவாழ்வில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்றே இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது. முடிவு வேறாக வந்தால் "அப்பா" என்று ஓடிவரும் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள் என்பதையும், மாதிரி கொடுப்பதற்கு முன்பே வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.