பாடவேளை என்னும் வாசல்

(கல்லூரிக் கலைவிழாவில் ஆற்றிய உரை)



சங்கம் நூறு வயதை எட்டும் ஆண்டில் கல்லூரியின் சங்கீத அறையிலிருந்தும் சித்திர அறையிலிருந்தும் இத்தனை நற்செய்திகள் வந்தமை எமக்குப் பெருமகிழ்ச்சி. தமிழ்த் தினப் போட்டியில் எமது குழு இசை கோட்டம், வலயம், மாகாணம் எனப் படியேறித் தேசிய மட்ட மேடையில் நின்றது. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின் மூன்றிலும் பிள்ளைகள் சித்தியடைந்துள்ளனர். சித்திர மாணவிகளின் ஓவியங்கள் இம்மண்டபச் சுவர்களை நிறைத்திருக்கின்றன.

மேடையில் நின்ற அக்குழுவில் வெளியே பணம் கட்டிச் சங்கீதம் படிப்பவர்கள் ஒருசிலரே என்று ஆசிரியர் சொன்னார். ஏனையோர் சுருதி சேரக் கற்றதும் தாளம் போடக் கற்றதும் இக்கல்லூரியின் பாடவேளையில்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி வகுப்பு உண்டு, சொந்த வீணை உண்டு, அரங்கேற்றமும் உண்டு. மற்றப் பிள்ளைக்கு நேரசூசியில் உள்ள அந்தப் பாடவேளைதான் வாசல். அதை மூடினால் அவளுக்கு வேறு வாசல் இல்லை.

இந்த வாசலை எமக்குத் திறந்து வைத்தவர்கள் பலர். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் சங்கீத அக்கடமிக்கு மகாராஜபுரம் சந்தானம் அதன் ஆரம்பகாலத்தில் அதிபராக இருந்தார். 1975இல் அது பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. அங்கு பயின்றவர்கள் பலர் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாக வந்தார்கள். பெரிய வித்துவான்களின் பாடம் சாதாரண வகுப்பறைவரை இறங்கி வந்த வழி அது.

நாங்கள் படித்த தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம்; போத்தல் விளக்கில் படித்தோம். பொருளாதாரத் தடையால் கடதாசியும் வர்ணமும் அரிதாயின. ஒரே தாளின் இருபுறமும் வரைந்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தம்புராவும் வீணையும் பூட்டிய அறைகளில் தங்கிவிட்டன. திரும்பி வந்தபின், இருந்ததைக் கொண்டு ஆசிரியர்கள் மீண்டும் சரளி வரிசையிலிருந்து தொடங்கினார்கள். அக்காலத்திலும் சங்கீதப் பாடவேளையை எவரும் மிகையென்று சொல்லவில்லை.

இன்று மின்சாரம் இருக்கிறது, வர்ணம் கடையில் கிடைக்கிறது. ஆனால் பத்தாம் தரத்துக்கு வந்ததும் செய்முறைப் பயிற்சி நேரம் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடனாகப் போகிறது. சனி, ஞாயிறு ரியூசனுக்குப் போகிறது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவளுக்குச் சங்கீத அறையின் பக்கம் போகவே வேலை இல்லை. "டொக்டராக வர வேண்டிய பிள்ளைக்கு ஏன் பாட்டு?" என்று வீடுகளில் கேட்கிறார்கள். எம்மைப் போன்ற வைத்தியர்களைக் காட்டித்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆகையால் பதிலையும் நாங்களே சொல்ல வேண்டும். பாட்டு எங்கள் படிப்பைக் கெடுக்கவில்லை. சேர்ந்து பாடும்போது பக்கத்தில் நிற்பவளின் குரலைக் கேட்டு எமது குரலை அடக்கப் பழகினோம். ஒருவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கும் பழக்கம் அங்கிருந்தும் வந்தது. நோயாளியின் கட்டிலருகே அது நாளாந்தம் எமக்கு உதவுகிறது. அது உதவாவிட்டாலும் பாட்டு பாட்டாகவே பிள்ளைக்கு உரியது.

அதிபர் அவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே: அழகியல் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்க வேண்டாம், உயர்தர மாணவிகள் எப்பிரிவினராயினும் வாரத்தில் ஒருமுறை சேர்ந்து பாடவும் வரையவும் இடம் தாருங்கள்.

சங்கத்து அக்காமாரிடமும் தோழியரிடமும் கேட்பது இது. நூற்றாண்டு நினைவாக இன்னொரு கல்வெட்டு வேண்டாம். அறுந்த வீணைத் தந்தியை மாற்றவும், மிருதங்கத்துக்குத் தோல் போடவும், வர்ணமும் தூரிகையும் வாங்கவும், தேசிய மட்டத்துக்குத் தெரிவாகும் பிள்ளையின் பயணச் செலவைக் கொடுக்கவும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குவோம். வீட்டில் உறையோடு கிடக்கும் வாத்தியங்களைக் கல்லூரிக்குத் தருவோம். சொந்த வாத்தியம் இல்லாத பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று சாதகம் செய்யட்டும்.

தங்கைமாரே, உங்கள் வெற்றியில் எமக்கும் பங்குண்டு என்று உரிமையோடு மகிழ்கிறோம். அடுத்த ஆண்டு ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கும் நீங்கள் நுழைந்த வாசல் திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது எமது கடமை.