யாரும் தொடாமலே பூட்டிக்கொண்ட கணினிகள்

கேலாங் பாத்தா பக்கம் போகிறவர்களுக்குத் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்தின் ராட்சத பாரந்தூக்கிகள் பழக்கமானவை. 2000-இல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து இடம் மாறி வந்தது இங்கேதான். துறைமுகத்தில் அதன் குழுமத்துக்கு 30 விழுக்காடு பங்கும் உண்டு. அந்த மெர்ஸ்கின் கணினித் திரைகள் 2017 ஜூன் 27 அன்று பல நாடுகளில் வரிசையாகக் கருத்துப்போயின. அதன் வேரைத் தேடினால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது மனிதர் கை படாமல் கணினி விட்டுக் கணினி தாவி, ஆயிரக்கணக்கான இயந்திரங்களைத் திணறடித்தது. ஆனால் யாரிடமும் காசு கேட்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர், எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறக்குறைய 20,000 நெகிழ்வட்டுகளைத் தபாலில் அனுப்பினார். அவற்றைப் போட்டவர்களின் கோப்புப் பெயர்கள் ஒருநாள் குழம்பிப்போயின. பனாமாவில் உள்ள அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லித் திரையில் அறிவிப்பு வந்தது. மோரிஸின் நிரல் பரவியது, பணம் பறிக்கவில்லை. பாப்பின் நிரல் பணம் கேட்டது, தானாகப் பரவவில்லை. போதாததற்கு, அவர் போட்ட பூட்டை நிபுணர்கள் எளிதாகத் திறந்துவிட்டார்கள்.

திறக்கவே முடியாத பூட்டுக்கு 1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரு ஆய்வாளர்கள் வழி காட்டினார்கள். எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம், சாவி வைத்திருப்பவர்தான் எடுக்கலாம் அல்லவா? பொதுச்சாவிக் குறியாக்கம் அப்படிப்பட்டது. பூட்டுவதற்கு வேண்டிய சாவி மட்டும் நிரலோடு வரும். திறக்கும் சாவி தாக்கியவனை விட்டு நகராது. கணினியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாலும் அது கிடைக்காது.

தானாகப் பரவுவது, பூட்டிப் பணம் பறிப்பது என்ற இந்த இரண்டு கிளைகளும் ஒன்றுசேர்ந்து உலகையே உலுக்கிய நாள் 2017 மே 12. பெயர் வானாகிரை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதை ரகசியமாக ஆயுதமாக்கி வைத்திருந்தது. அந்த ஆயுதம் திருடப்பட்டு, ஏப்ரலில் எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியானது. மைக்ரோசாப்ட் அதற்கு முன்பே, மார்ச் 14-இல், ஓட்டையை அடைத்துவிட்டது. அந்தப் புதுப்பிப்பைப் போட உலகத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

வானாகிரை ஒரு கணினியில் நுழைந்ததும் அக்கம்பக்கத்துக் கணினிகளையும் இணையத்தில் கண்ட முகவரிகளையும் தட்டிப் பார்க்கும். ஓட்டை திறந்திருந்தால் தன்னையே அங்கும் நகலெடுத்துக்கொள்ளும். நுழைந்த கணினியில் கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டு, விண்டோஸ் தானாக எடுத்து வைத்த நகல்களையும் அழித்துவிட்டு, 300 டாலருக்கு பிட்காயின் கேட்கும். மூன்று நாள் தாண்டினால் 600. மிரட்டல் கடிதம் 28 மொழிகளில் இருந்தது. இந்தோனேசிய மொழி உண்டு, மலாயும் தமிழும் இல்லை. ஆனால் பரவுவதற்கு மொழி எதற்கு? 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை. நிரலுக்குள் ஒளிந்திருந்த ஓர் இணைய முகவரியை மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் ஏறக்குறைய 11 டாலருக்குப் பதிவு செய்தார். அந்த முகவரி உயிர்பெற்றதும் பரவல் அடங்கியது.

இப்படி ஏதாவது நடந்தால், கண்டதையும் கிளிக் செய்தார் என்று அலுவலகக் குமாஸ்தாவைத் திட்டுவது நம் வழக்கம். வானாகிரை பரவ யாரும் எதையும் கிளிக் செய்யவே வேண்டியிருக்கவில்லை. கணினியைப் புதுப்பிக்காமல் விட்ட நிர்வாகத்தைத்தான் கேட்கவேண்டும்.

ஆறு வாரம் கழித்து வந்த நாட்பெட்யா இன்னும் கொடியது. உக்ரேனில் பரவலாக இருந்த ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் புதுப்பிப்புக்குள் ஒளிந்து வந்தது. மெர்ஸ்கின் ஒடெசா அலுவலகத்திலும் அந்த மென்பொருள் இருந்தது. நாட்பெட்யா அதே ஓட்டையைப் பயன்படுத்தியதோடு, கணினியின் நினைவகத்தில் கிடக்கும் கடவுச்சொற்களையும் திருடியது. அதனால் ஓட்டையை அடைத்திருந்த கணினிகளும் விழுந்தன. பணம் கேட்டது வெறும் வேடம்; திரையில் அது காட்டிய எண்ணை வைத்து எவராலும் எதையும் மீட்க முடியாது. அழிப்பதுதான் நோக்கம். ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018-இல் அறிவித்தன.

மெர்ஸ்க் குழுமத்தின் 76 துறைமுக முனையங்களில் 17 பாதிக்கப்பட்டன. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்தும் முனையமும் நின்றது. நிறுவனத்தின் வலையமைப்பில் யார் யார், எதைத் திறக்க யாருக்கு உரிமை என்று பதிந்து வைத்திருக்கும் தலைமைக் கணினிகள் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கு ஆபத்து வந்தால் மற்றவை காப்பாற்றும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் எல்லாமே அழிந்தன, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! இணைப்பு அறுந்து கிடந்ததால் அது பிழைத்தது. தரவை இணையம் வழியாக அனுப்ப வேகம் போதவில்லை. மீட்புப் பணி நடந்தது பிரிட்டனில்; கானா ஊழியரிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியா வரை பறந்து வன்தட்டை இன்னொருவர் கையில் கொடுக்க, அது லண்டன் போய்ச் சேர்ந்தது. பிறகு பத்தே நாளில் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். நட்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

இன்று ஜொகூரில், கூலாய் முதல் இஸ்கண்டார் புத்ரி வரை, தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காக்க ஆட்கள் இருப்பார்கள். எனக்குக் கவலையெல்லாம் நம் சின்ன பட்டறைகளும் கிளினிக்குகளும் தமிழ்ப்பள்ளி அலுவலகங்களும்தான். ஒரு வன்தட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை கோப்புகளை அதில் நகலெடுத்துவிட்டு, கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் பூட்டி வையுங்கள். செருகியபடியே விட்டால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் கேட்கும் புதுப்பிப்பை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தாக்கப்பட்டால் உடனே வலையிணைப்பைத் துண்டித்துவிட்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் அழையுங்கள்.