இறால் ஓட்டில் ஒரு மீன் உறை
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2019 சனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. ஆனாலும் மீன் வாங்கினால் பாலித்தீன் பைதான் கைக்கு வருகிறது. அதற்கு ஒரு மாற்று, நாம் உரித்து எறியும் இறால் ஓட்டிலேயே இருக்கிறது.

ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் புரதம் நீங்கும். எஞ்சுவது கைட்டின். அதை அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் கைட்டோசான். இதை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய படலமாக உரிந்து வரும். மண்ணில் மட்கிவிடும்.

மட்குவதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. அமிலத்தில் கைட்டோசானின் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, செல்சவ்வு சிதைந்து உள்ளிருப்பவை கசிகின்றன. சீப்பையும் காகிதத் துண்டையும் வைத்து நாம் நடத்தும் பாடம்தான் இது! படலம் ஆக்சிஜனையும் ஓரளவு தடுப்பதால் மீன் கொழுப்பில் சிக்குவாடை வருவதும் தள்ளிப்போகும்.

இதைக் கேட்ட என் மாணவி ஒருத்தி, "அப்ப ஐஸ் போட வேண்டாமா சார்?" என்றாள். அவள் அம்மா மீன் விற்பவர். ஐஸ் செலவு அவளுக்குத் தெரியும்.

வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. முகம் சிவக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். உறை, குளிரில் இருக்கும் மீனுக்குக் கூடுதல் நாள் தரும். குளிரின் வேலையைச் செய்யாது.

அடர் காரத்தைச் சூடாக்கும் வேலை பள்ளியில் வேண்டவே வேண்டாம். மரவள்ளி மாவு, வினிகர், கிளிசரின், தண்ணீர் கலந்து காய்ச்சி ஸ்டார்ச் படலம் செய்யலாம். ஒரு துண்டைப் பாலித்தீன் துண்டோடு தொட்டி மண்ணில் புதைத்து, வாரம் ஒருமுறை தோண்டிப் பார்க்கட்டும். இன்னொன்றை ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் ஊறித் தொளதொளத்துவிடும். கைட்டோசான் படலமும் ஈரத்தை உறிஞ்சக்கூடியதே. மீனோ சொட்டச் சொட்ட ஈரம். ஆய்வுக்கூடங்கள் இன்னும் மல்லுக்கட்டும் இடம் இதுதான்.